கேப்ரியல் கழுவிய கால்

கேப்ரியல் என் மனைவியின் தம்பி. அவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் உடனே சொல்லிவிடுவேன். நன்றாகப் பாடுவான். குடிக்க மாட்டான். பெரியவர்களைக் கண்டால் கைகூப்புவான். கேமரா இருக்கிற இடத்துக்குச் சொன்ன நேரத்தில் வந்து நிற்பான். ஐந்தாவதாக ஒன்று கேட்டால் எனக்கு வாய் வராது.

ஜோகூரில் பெக்கான் நானாஸ் என்கிற சின்ன டவுனில் எனக்குச் சமையல் தொழில். கல்யாணம், காதுகுத்து, கருமாதி, கிறிஸ்துமஸ் விருந்து, எதுவானாலும் இந்த மதிவாணன் அண்டாதான் அடுப்பில் ஏறும். அண்டாவுக்குப் பின்னால் நிற்கிறவனுக்கு ஊரில் யார் எப்படி என்பது தெரிந்துபோகும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் சாவு வீட்டில் பிணமாகவும் இருக்க ஆசைப்படுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் ஊருக்குக் கேப்ரியல். அவன் போகிற ஜெபச் சபையின் விருந்துகளில் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு வருவான். என் கையிலிருந்து கரண்டியை வாங்கி நாலு பேருக்குச் சாம்பார் ஊற்றுவான். யாராவது படம் எடுத்து முடித்ததும் கரண்டி என்னிடமே திரும்பி வந்துவிடும்.

"தேங்க்ஸ் மச்சான். சேவை செய்றதுல ஒரு சந்தோசம் இருக்கு பாருங்க," என்பான். மிச்சச் சேவை முழுக்க என் தலையில்.

ஸ்கூடாயில் ஒரு ஏர்கோன் கம்பெனியில் சூப்பர்வைசர் அவன். ஏணியில் ஏறுகிற வேலை மற்றவர்களுக்கு, கீழே நின்று மேலே பார்க்கிற வேலை அவனுக்கு. சின்ன வயதிலிருந்தே அப்படித்தானாம். பள்ளிக்கூடத்தில் முதலுதவிப் படையில் சேர்ந்து, தொப்பியும் பட்டையும் போட்டுக்கொண்டு விளையாட்டுப் போட்டிகளில் ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நிற்பானாம். ஒருவன் முட்டியைப் பேர்த்துக்கொண்டு ரத்தத்தோடு வந்ததும் மயங்கி விழுந்து, அந்த ஸ்ட்ரெச்சரில் இவனைத்தான் தூக்கிப் போனார்களாம். இதை என் மனைவி செல்வராணி சிரித்துக்கொண்டே சொல்லுவாள். இப்போதெல்லாம் சொல்வதில்லை.

அவன் அழுகை மட்டும் பொய்யாக இருந்தால் எனக்குப் பிரச்சினையே இல்லை. வேஷக்காரன் என்று ஒதுக்கிவிடலாம். அவன் உண்மையாகவே அழுகிறவன். எங்கோ ஒரு நாட்டில் பட்டினி கிடக்கிற பிள்ளைகளின் படம் திரையில் வந்தால் போதும், கண்ணில் தண்ணீர் பொலபொலவென்று கொட்டும். ஆனால் அந்த இரக்கத்துக்குத் தூரம் வேண்டும். கடல் தாண்டி இருந்தால் பெருகும், பக்கத்து அறையில் இருந்தால் வற்றிவிடும். அதுதான் என் ஆத்திரம்.

பக்கத்து அறையில் இருந்தவர் அவன் அப்பா, என் மாமனார் மரியசூசை. அன்னாசித் தோட்டத்தில் வெட்டுக்காரராகப் பாடுபட்டு மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். ஒன்று போய்விட்டது, மிச்சம் இவர்கள் இரண்டு பேர். அவருக்கு இனிப்புநீர் வியாதி வந்து காலில் உணர்ச்சி செத்துப்போயிருந்தது. ஒரு தடவை செருப்புக்குள் சின்னக் கல் ஒன்று கிடந்திருக்கிறது. அது தெரியாமலே மிதித்துக்கொண்டு பாசாரில் காய்கறிக் கடை, மீன் கடை முழுக்கச் சுற்றி வந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால் ரத்தம். இடது பாதத்தில் வந்த அந்தப் புண் அப்புறம் ஆறவேயில்லை.

"அப்பாவ நான்தான் வச்சுப் பாத்துக்குறேன்," என்று கேப்ரியல் எல்லாரிடமும் சொல்வான். வைத்திருந்தது உண்மை. பார்த்துக்கொண்டது செல்வராணி. எங்கள் வீடு அதே தாமான் குடியிருப்பில் இரண்டு சந்து தள்ளி. காலையில் மருந்துத் தண்ணீரும் பஞ்சும் துணியும் எடுத்துக்கொண்டு போய், கட்டைப் பிரித்து, புண்ணைத் துடைத்து, புதுக் கட்டுப் போட்டுவிட்டு வருவாள். கேப்ரியலின் மனைவி ஐலீன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவள். விடியும் முன்னே பஸ் ஏறி இருட்டிய பிறகு இறங்குகிறவளை நான் குறை சொல்ல மாட்டேன். குறை யார் மேல் என்றால், செல்வராணி கட்டைப் பிரிக்கிற நேரம் பார்த்து வாசலுக்குப் போய் யாருடனோ போனில் ஜெபிக்கிறவன் மேல்தான். கட்டி முடித்து வாடை போன பிறகுதான் உள்ளே வருவான்.

மாமனாருக்கு அது தெரியாமல் இல்லை. ஒரு நாள் அவரை வேனில் கிளினிக்குக்குக் கூட்டிப்போகும்போது என்னிடம் சொன்னார்.

"அவன் கட்ட வேணாம் மாப்ள. துடைக்க வேணாம். என்ன ஆகிக் கெடக்குன்னு ஒரு தடவ குனிஞ்சு பாத்தா போதும். பெத்தவன் கால்தானே."

"நான் சொல்லட்டுமா மாமா?"

"சொல்லிப் பாக்குறது பார்வையா?"

அன்றைக்குக் கிளினிக்கில் மருந்து கட்டுகிற மிஸ்ஸி கட்டைப் பிரித்துவிட்டு, பெருவிரல் கறுத்து வருகிறது என்று டாக்டரைக் கூப்பிட்டாள். டாக்டர் பார்த்தார். காலுக்கு ரத்தம் போகிற குழாய் அடைத்திருக்கிறது, ஜோகூர் பாருவில் பெரிய டாக்டரிடம் போய் அதைத் திறந்துவிட்டால் காலைக் காப்பாற்றலாம், தாமதம் மட்டும் கூடாது என்றார். அங்கேயே போன் போட்டுத் தேதியும் வாங்கிக் கொடுத்தார். என் வேனில் கூட்டிப்போய்விடலாம் என்று இருந்தேன். அன்று சாயங்காலம் கேப்ரியல் வீட்டில் சபை ஆட்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் கேப்ரியல் எழுந்து வந்து தேதி எழுதிய கார்டை என் கையிலிருந்து வாங்கினான்.

"இல்ல மச்சான். இது மகன் செய்ய வேண்டிய கடம. நான் லீவு போட்டு கூட்டிட்டுப் போறேன்."

சபை ஆட்கள் தலையாட்டினார்கள். மாமனாரின் முகம் மலர்ந்ததைப் பார்த்து நானும் விட்டுவிட்டேன்.

மாமனார் குடும்பம் மூன்று தலைமுறையாகப் பழைய கோயிலைச் சேர்ந்தவர்கள். நான் அவர்கள் வீட்டுப் பெண்ணைக் கட்டியவன், முருகனுக்குக் காவடி எடுத்த வீட்டுப் பிள்ளை. இரண்டு பக்கமும் சாமி கும்பிடுவேன், இரண்டு பக்கமும் சமைப்பேன். கேப்ரியல் மட்டும் பழைய கோயிலை விட்டு, டவுனில் கடைவீட்டு மாடியில் நடக்கிற ஒரு சபையில் சேர்ந்திருந்தான். அதன் பாஸ்டர் ரூபேந்திரன் கெட்டவர் இல்லை. சத்தம் அதிகம், அவ்வளவுதான்.

அந்தச் சபையில் வருடக் கடைசியில் வெளிநாட்டு ஊழியம் என்று ஒரு வழக்கம். ஒரு வாரம் போவார்கள், பாடுவார்கள், பலூனில் நாய் செய்து பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள், சுவருக்குச் சாயம் அடிப்பார்கள், திரும்பி வந்து கர்த்தர் அங்கே செய்ததை மேடையில் சாட்சியாகச் சொல்வார்கள். ஒரு தடவை யாரோ ஒரு வயதான அம்மா, "ஏன், நம்ம பாலோ பக்கம் எஸ்டேட்டுல கூரை ஒழுகிட்டு ஒக்காந்திருக்குதுங்களே, அங்க போகக் கூடாதா?" என்று கேட்டதாம். பாலோவுக்கு யார் போவார்கள்? பாலோவுக்குப் போனால் பாஸ்போர்ட்டில் சாப் குத்துவார்களா?

இந்த முறை கம்போடியா. அங்கே ஒரு கிராமத்தில் ஏழைக் கிழவர் கிழவிகளின் கால்களைக் கழுவுவதுதான் ஊழியம். எல்லாருக்கும் ஊதா நிறத்தில் டீசட்டை, முதுகில் 'கால்களைக் கழுவும் கரங்கள்' என்று அச்சடித்து. இயேசு தன் சீடர்களின் கால்களைக் கழுவிய கதையைச் செல்வராணி எனக்குச் சொல்லியிருக்கிறாள். அந்தக் கதையில் எனக்கு மரியாதை உண்டு. கேமரா இல்லாத காலத்தில் நடந்தது அது.

பாஸ்டர் என்னையும் கூப்பிட்டார். ஊழியத்துக்கு இல்லை, சமையலுக்கு. கம்போடியாச் சாப்பாட்டில் தவளை இருக்கும் என்று எவனோ கிளப்பிவிட, பாதிப் பேர் பெயரை வாபஸ் வாங்கப் பார்த்தார்களாம். உலகத்தை ரட்சிக்கலாம், ரசம் இல்லாமல் எப்படி ரட்சிப்பது? போகிற வழியில் என் ஆத்துமாவையும் பிடித்துவிடலாம் என்று பாஸ்டருக்கு ஒரு நினைப்பு இருந்திருக்கும். நான் யோசித்தேன். செல்வராணிதான் போகச் சொன்னாள்.

"அப்பாவ நான் பாத்துக்குறேன். நீங்க போய்ட்டு வாங்க. இவன் அங்க என்னதான் பண்றான்னு ஒரு கண்ணு வச்சுக்குங்க."

கிளம்பும் முன் கேப்ரியலிடம் கேட்டேன். "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போற தேதி இதே வாரம்தானேடா?"

"அது நாம வந்த பெறகுதான் மச்சான். டாக்டர் லீவாம், அவங்களே தள்ளி வச்சிட்டாங்க," என்றான். கண்ணைச் சிமிட்டாமல் சொன்னான்.

செனாய் விமான நிலையத்தில் பெட்டி போடுகிற வரிசையை அடைத்துக்கொண்டு வட்டமாக நின்று ஜெபித்தார்கள். பின்னால் ஒரு சீனத்தி தள்ளுவண்டியோடு, "அலமாக், அங்கிள், சிக்கிட் லா," என்று கொஞ்சம் வழி கேட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். யார் கேட்டார்கள்? பெட்டிகளில் பைபிளை விட மேகி மீயும் மைலோவும் நெத்திலிச் சம்பலும்தான் கனமாக இருந்தன. எனக்குத் தெரியும், கட்டியவன் நான்தான்.

அந்தக் கிராமத்தில் சின்னத் தகரக் கோயில் ஒன்று, பக்கத்தில் தங்குவதற்குக் கூடம். கூடத்தின் பின்னால் எனக்கு அடுப்பு. மொழிபெயர்ப்புக்கு உள்ளூர்ப் பெண் ஒருத்தி இருந்தாள். சிங்கப்பூரில் வீட்டு வேலை பார்த்தவளாம், ஆங்கிலமும் கொஞ்சம் மலாயும் பேசுவாள். என் அடுப்பங்கரைக்கு வந்து உட்கார்ந்து வெங்காயம் உரித்துக் கொடுப்பாள். அந்தக் கூட்டத்தில் நான் மதித்தது அவள் ஒருத்தியைத்தான்.

கால் கழுவுகிற நாள் காலையில் ஊழியக்காரர்கள் வட்டமாக உட்கார்ந்து, கர்த்தருக்காகத் தாங்கள் எதை விட்டுவிட்டு வந்தோம் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். நான் பக்கத்தில் உப்புமா கிண்டிக்கொண்டிருந்தேன். ஒருத்தி தன் பூனையை விட்டு வந்தேன் என்றாள். ஒருவன் ஓவர்டைமை விட்டு வந்தேன் என்றான். கேப்ரியலின் முறை வந்தது. குரல் தழுதழுத்தது.

"எங்க அப்பாவுக்குக் கால்ல பெரிய புண்ணு. இந்த வாரம் ஜே.பி.யில ஸ்பெஷலிஸ்ட் பாக்குற தேதி. எனக்குள்ள பெரிய போராட்டம். அப்பாவா, ஆண்டவரா? கடைசியில நானே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி தேதிய அடுத்த மாசத்துக்குத் தள்ளிட்டேன். அப்பாவோட கால பலிபீடத்துல வச்சுட்டு வந்திருக்கேன். நாம கர்த்தரோட வேலையப் பாத்தா, கர்த்தர் நம்ம வேலையப் பாப்பாரு."

"ஸ்தோத்திரம்!" என்றார்கள் எல்லாரும். பூனைக்காரி ஓவென்று அழுதாள். பாஸ்டர் எழுந்து வந்து அவனைக் கட்டிப்பிடித்தார்.

தியாகம் அவனுடையது. கால் அவருடையது. இது அந்த வட்டத்தில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. என் வயிறு எரிந்த எரிச்சலில் உப்புமா அடிபிடித்துவிட்டது. அவன் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன்.

"டாக்டர் லீவுன்னு சொன்னியேடா?"

"அக்கா பதறிடும்னுதான் மச்சான் அப்படிச் சொன்னேன். பொய்யின்னு எடுத்துக்காதீங்க. ஞானம்னு எடுத்துக்குங்க."

அதற்கு மேல் பேசினால் கை நீண்டுவிடும் என்று செல்வராணிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. "வைங்க," என்றாள். வாடகைக் காரைப் பிடித்து அப்போதே அப்பாவை ஜோகூர் பாருவுக்குக் கூட்டிப்போய்விட்டாள்.

மத்தியானம் தார்ப்பாய்ப் பந்தலில் கிழவர் கிழவிகளை வரிசையாக நாற்காலியில் உட்கார்த்தியிருந்தார்கள். முன்னால் புது பேசின்கள், வெள்ளைத் துவாலைகள். வீடியோ எடுக்கிறவன் கேமராவை அவர்கள் காலுக்கு நேரே வைத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான். கால்கள் பளபளவென்று இருந்தன. நகம்கூட வெட்டியிருந்தது. நான் மொழிபெயர்க்கிற பெண்ணிடம் ஏன் இப்படி என்று கேட்டேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

போன வாரம் ஒரு நாட்டுக்காரர்கள் வந்து இதே கால்களைக் கழுவிவிட்டுப் போனார்களாம். அதற்கு முன்னால் வேறொரு நாட்டுக்காரர்கள். கழுவி முடிந்ததும் ஆளுக்கொரு அரிசிப் பை கிடைக்கும் என்பதால் கிழவிகளும் பொறுமையாகக் காலை நீட்டப் பழகிவிட்டார்களாம். "இந்த நாட்டிலேயே சுத்தமான கால் எங்கள் ஊர்க் கால்தான்," என்றாள்.

வீடியோக்காரன் பாஸ்டரிடம் போய் முணுமுணுத்தான். பாஸ்டர் கொஞ்சம் நெளிந்தார். கேப்ரியல்தான் தீர்வு சொன்னான்.

"பாஸ்டர், அவங்கள வயலுக்குள்ள கொஞ்சம் நடந்துட்டு வரச் சொல்லலாமே. வித்தியாசம் தெரிஞ்சாத்தானே பாக்குறவங்க இருதயத்தத் தொடும்."

அந்தப் பெண் அதை மொழிபெயர்க்கும்போது தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். கிழவர்களும் கிழவிகளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு எழுந்து, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, வெயிலில் சேற்றுக்குள் இறங்கி நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். கேப்ரியலுக்கு ஒதுக்கிய கிழவி மட்டும் போகவில்லை. அவளுக்கு மூட்டு வலி. வரப்போரத்து ஈர மண்ணைக் கையால் அள்ளி, நலுங்குக்குச் சந்தனம் பூசுகிற மாதிரி இரண்டு காலிலும் தானே பூசிக்கொண்டு, ம், கழுவு என்பதுபோல் நீட்டினாள். எனக்கு அவளைக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

கேப்ரியல் முழங்கால் போட்டு, அந்தக் கால்களை ஒவ்வொரு விரலாகத் தேய்த்துக் கழுவினான். கண்ணீர் பேசினில் விழுந்தது. துவாலையால் ஒற்றினான், குனிந்து முத்தமிட்டான். அந்த நேரம் என் போன் அடித்தது.

"விரல் எல்லாம் போச்சுங்க," என்றாள் செல்வராணி. "எலும்பு வரைக்கும் போயிருச்சாம். முட்டிக்குக் கீழ எடுக்கணும்னு சொல்லிட்டாங்க. இந்த வாரத் தொடக்கத்துலயே வந்திருந்தா குழாயத் திறந்து பாத்திருக்கலாமாம். தேதிய மாத்துனது யாருன்னு டாக்டர் கேக்குறாரு. நான் என்னன்னு சொல்ல?"

பந்தலுக்குள் போய் அவன் காதில் சொன்னேன். ஒரு நிமிடம் முகம் வெளுத்தது. அந்த ஒரு நிமிடம் அவன் மரியசூசையின் மகனாக இருந்தான் என்றுதான் நினைக்கிறேன். அப்புறம் கேமரா பக்கம் திரும்பி, ஈரக் கையை நெஞ்சில் வைத்து, "இப்பதான் செய்தி வந்துச்சு. என் தகப்பனுக்காக ஜெபிங்க," என்று விம்மினான். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். இவன் சதை நன்றாகத்தான் ஆடியது, படம் பிடிக்கிறவன் பக்கமாக.

நாங்கள் திரும்பி வந்தபோது மாமனார் வீட்டில் இருந்தார். டாக்டர் ஆஸ்பத்திரியிலேயே இருக்கச் சொல்லியும் கேட்காமல், செவ்வாய்க்கிழமை அறுவைக்கு வந்துவிடுகிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தார். ஏன் என்று கேட்டால், "ஞாயித்துக்கெழம பையன் மேடையில சாட்சி சொல்றான் மாப்ள. அதப் பாத்துட்டுப் போறேன்," என்றார். தேதியைத் தள்ளியது யார் என்று அவருக்கு நாங்கள் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. இரண்டு காலோடு அவர் போகிற கடைசி இடம் மகனின் கூட்டமாக இருக்கட்டும் என்று நினைத்தார் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் செல்வராணி வழக்கம்போல் மருந்துத் தண்ணீரோடு போனாள். நானும் போனேன். மாமனார் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நீ இரு ராணி. இன்னைக்குத் தம்பி மாத்தட்டும். ஒரு வாரமா ஊர்க்காலெல்லாம் கழுவிப் பழகிட்டு வந்திருக்கானே. செவ்வாக்கெழமைக்கு மேல கேட்டாலும் கெடைக்காது."

கேப்ரியல் கண்ணாடி முன் நின்று வெள்ளைச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான்.

"அப்பா, இன்னைக்கு நான் மேடையில நிக்கணும்பா. வாடை சட்டையில ஏறிக்கும். வந்து கண்டிப்பா பாக்குறேன், ப்ராமிஸ்."

"அவன் கெடக்குறான், குடுங்கப்பா," என்று செல்வராணி காலைத் தொடப் போனாள். பெரியவர் காலை இழுத்துக்கொண்டார்.

"வேணாம். அவன்தான் வந்து பாக்குறேன்னுட்டானே."

அதனால் முந்தின நாள் கட்டோடுதான் சபைக்கு வந்தார். மஞ்சளாக ஊறியிருந்தது. கடைவீட்டு மாடிக்கு லிஃப்ட் கிடையாது. சக்கர நாற்காலியோடு அவரை நானும் இன்னும் மூன்று பேரும் தூக்கிப் போனோம். கேப்ரியல் மேலே நின்று, "மெல்ல, மெல்ல," என்று சொல்லிக்கொண்டிருந்தான். முதல் வரிசையில் உட்கார வைத்தோம். பக்கத்தில் இருந்தவர்கள் மெதுவாக இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார்கள்.

கம்போடியா வீடியோ ஓடியது. பின்னணியில் பியானோ. சேற்றுக் கால்கள், அழுகிற கேப்ரியல், முத்தம். மாமனார் கழுத்தை நீட்டி, கண்ணை எடுக்காமல் பார்த்தார். பெருமையாகத்தான் பார்த்தார், அதை நான் மறைக்க முடியாது. விளக்குப் போட்டதும் பாஸ்டர் ரூபேந்திரன் அதே பேசினையும் துவாலையையும் கொண்டுவரச் சொன்னார். கம்போடியாவில் நடந்ததை இங்கேயும் செய்து காட்ட வேண்டுமாம்.

"நம்ம பிரதர் கேப்ரியல் தன் சொந்தத் தகப்பன்லேர்ந்து ஆரம்பிக்கட்டும்!"

கைதட்டல். கேப்ரியல் இதை எதிர்பார்க்கவில்லை. வேறு வழியில்லாமல் சட்டையில் மைக்கோடு இறங்கி வந்து அப்பா முன்னால் முழங்கால் போட்டான். திரையில் அவன் முகம் பெரிதாகத் தெரிந்தது. பெரியவர் இரண்டு காலையும் முன்னால் நகர்த்தி வைத்தார். கட்டுப் போட்ட காலைச் செருப்பிலிருந்து கையால் தூக்கி எடுத்து, பேசினுக்குப் பக்கத்தில் அவன் முகத்துக்கு நேரே வைத்தார்.

கேப்ரியல் மூச்சைப் பிடித்துக்கொண்டான். வலது காலை எடுத்தான். தண்ணீர் ஊற்றினான், விரல் விரலாகத் தேய்த்தான், துவாலையால் ஒற்றினான், முத்தமிட்டான், அழுதான். எல்லாம் கம்போடியா மாதிரியே. பிறகு பேசினை ஓரமாகத் தள்ளிவிட்டு எழப் போனான். இடது கால் வைத்த இடத்திலேயே இருந்தது. அவன் கண் அந்தப் பக்கம் போகவேயில்லை.

மாமனார் குனிந்து அவன் தலையைத் தடவினார். மெதுவாகத்தான் சொன்னார். மைக் அவன் நெஞ்சில் இருந்ததால் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"இது நல்ல காலுய்யா. இத நானே கழுவிக்குவேன்."

பாஸ்டர், "அல்லேலூயா," என்றார். முதல் தடவையாக அவர் மெல்லப் பேசி அன்றுதான் கேட்டேன். செல்வராணி எழுந்து வந்து நாற்காலியைத் திருப்பினாள். மறுபடி நாலு பேர் தூக்கிக்கொண்டு படி இறங்கினோம். மேலே பாட்டு ஆரம்பித்தது. நல்ல குரல், கேப்ரியல் குரல்தான்.

வீட்டுக்கு வந்து செல்வராணியே கட்டை மாற்றினாள். அவன் சாயங்காலம் வந்தான். நான் வாசலிலேயே நிறுத்திக் கேட்டேன். "ஏன்டா, அந்தக் கால ஒரு தடவ பாத்தா கண்ணா அவிஞ்சு போயிரும்?"

"புண்ணுல தண்ணி படக் கூடாது மச்சான். டாக்டரே சொல்லியிருக்காரு," என்றான். பதில் தயாராக வைத்திருந்தான்.

செவ்வாய்க்கிழமை இடது காலை எடுத்துவிட்டார்கள். கேப்ரியல் ஆஸ்பத்திரிக்கு வந்தான், வார்டில் நின்று உருக்கமாக ஜெபித்தான், போர்வை போர்த்திய பிறகு. இப்போது சாட்சி சொல்லும் இடங்களில், "ஊழியத்துக்காக என் தகப்பன் ஒரு காலையே கொடுத்தார்," என்று ஒரு வரி சேர்த்திருக்கிறான். ஜனங்கள் அழுகிறார்களாம். அடுத்த பயணம் நேப்பாளத்துக்கு. பாஸ்டர் சமையலுக்குக் கூப்பிட்டார். அங்கே பருப்பும் சோறும் தாராளமாகக் கிடைக்கும், என்னை விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

மாமனார் இப்போது எங்களோடு இருக்கிறார். மகனைப் பற்றி யாராவது குறை சொன்னால் பேச்சை மாற்றிவிடுவார். அவருக்கு மிச்சம் இருப்பது கேப்ரியல் கழுவிய அந்த வலது கால் ஒன்றுதான். காலையில் வீட்டுக்குப் பின்னால் குழாயடியில் பிளாஸ்டிக் முக்காலி போட்டு உட்கார்ந்து, கல் ஏதும் குத்தியிருக்கிறதா என்று விரல் விரலாகத் தடவிப் பார்த்து, அதை அவரே கழுவிக்கொள்கிறார்.